கம்மந்தான் கான்சாகிபு

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறிக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் நம்மில் பலர். பல்லாவரத்தைத் தாண்டிப் பரங்கிமலை நிலையம் நெருங்கும்போது இடப்புறமாக ஒரு சிறு குன்றும், அதன் உச்சியில் வெண்ணிறமான ஒரு தேவாலயமும் கண்ணில் படும். தேர்வுக் காலத்தில் புத்தகத்திலும், மற்றக் காலத்தில் நண்பர்களின் பேச்சிலும் மூழ்கியிருக்கும் நாம் அந்தக் குன்றை நிமிர்ந்து பார்ப்பது அரிது. ஆயினும் நண்பர்களே, அந்தக் குன்றின் அடிவாரத்தில் 1759-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் நிகழ்ந்த ஒரு போர் சென்னையின் தலைவிதியை முடிவு செய்த நிகழ்ச்சிகளில் ஒன்றாகும். அன்று ஆங்கிலக் கும்பினியின் பக்கம் நின்று போரிட்ட தமிழ்ச் சிப்பாய்களின் தலைவர் ஒருவர், ஐந்தே ஆண்டுகள் கழித்து, அதே கும்பினியின் பாசறையில் தூக்குமரம் ஏறினார். அவர்தாம் மதுரைச் சீமை மக்கள் கம்மந்தான் கான்சாகிபு என்று பாடிய யூசுப்கான்.

ஒரு போர்வீரனின் வாழ்க்கை போர்க்களத்தில் மட்டும் நடப்பதன்று. அவனுக்கும் ஒரு வீடு உண்டு. மனைவி மக்கள் உண்டு. அவன் யாருக்காக வாளெடுக்கிறான், யார் தரும் சோற்றை உண்கிறான், அவன் வீழ்ந்தால் அவனை நம்பி வந்தவர்களின் கதி என்ன என்னும் வினாக்கள் எல்லாக் காலத்துக்கும் பொதுவானவை. இந்த வினாக்களைக் கையில் வைத்துக்கொண்டு யூசுப்கானின் வரலாற்றைச் சற்றே காண்போம்.

பாசறையும் இல்லமும்

நம் முன்னோர் இந்தச் சிக்கலை நன்கு உணர்ந்திருந்தனர். முல்லைத்திணை முழுவதுமே இதனைப் பற்றியது எனலாம். பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டில் ஒருபுறம் அரசன் பாசறையில் உறக்கமின்றி இருக்கிறான். மறுபுறம் அரண்மனையில் அரசி அவன் வரவுக்காக ஆற்றியிருக்கிறாள். அந்தப் பாசறையில் அரசனுக்குக் காவலாக நிற்பவர்கள் யவனர்கள் என்று நப்பூதனார் காட்டுகிறார். கடல் கடந்து வந்து கூலிக்குக் காவல் நின்ற அந்த யவன வீரர்களுக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்கும் அல்லவா?

யவனர் நாடுகளை எல்லாம் தன் குடைக்கீழ்க் கொண்டிருந்த உரோமப் பேரரசு தன் வீரர்களின் குடும்பத்தைப் பற்றி ஒரு விந்தையான சட்டம் வைத்திருந்தது. பேரரசர் அகஸ்டஸ் காலம் முதல், பணியிலிருக்கும் சாதாரணப் போர்வீரன் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளக் கூடாது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்ற வேண்டியவனுக்கு இப்படியொரு தடை! மனித இயல்பு சட்டத்துக்கு அடங்குமா? பாசறைச் சுவருக்கு வெளியே சிற்றூர்கள் முளைத்தன. அங்கே வீரர்களின் துணைவியரும் குழந்தைகளும் வாழ்ந்தனர். ஆனால் சட்டத்தின் கண்களுக்கு அந்தப் பெண் மனைவியல்லள். அந்தக் குழந்தை வாரிசன்று. பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 119-இல் அத்தகைய குழந்தைகளும் தந்தையின் சொத்தைக் கோரலாம் என்று சற்றே இரங்கினார். கி.பி. 197-ஐ ஒட்டிச் செப்டிமியஸ் செவரஸ் காலத்திலேதான் வீரர்கள் மனைவியரோடு வாழ்வதற்கு இசைவு கிடைத்தது. துணைப்படையில் இருபத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற அயல்நாட்டு வீரனுக்கு, அவனுடைய குடியுரிமையையும் மணவுரிமையையும் பொறித்த வெண்கலத் தகடு ஒன்று வழங்கப்பட்டது. ஒரு வாழ்நாள் உழைப்புக்குக் கிடைத்த சான்றிதழ் அது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்த ஆங்கிலக் கும்பினி இப்படியொரு தடையை விதிக்கவில்லை. சென்னைச் சிப்பாய்கள் தங்கள் பெண்டு பிள்ளைகளைப் படையிருக்கும் ஊருக்கே உடன் அழைத்துச் சென்றனர். படை நகர்ந்தால் அதன் பின்னே வண்டிகளும், பொதிமாடுகளும், கடைக்காரர்களும், குடும்பங்களுமாக ஒரு நடமாடும் ஊரே நகரும். பிற்காலத்தில் சிப்பாய்களின் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பையன் சிப்பாய்களாகப் பதிந்துகொண்டு சிறு சம்பளமும் கொடுத்தனர். பணி முடித்த சிப்பாய்கள் பல்லாவரத்தில் குடும்பத்தோடு குடியமர்ந்து பென்சன் வாங்கி வாழ்ந்தனர். இந்த ஏற்பாட்டிலே அன்பு மட்டும் இருந்தது என்று எண்ணிவிட வேண்டா. குடும்பம் அருகில் இருந்தால் சிப்பாய் ஓடிப் போக மாட்டான் என்னும் கணக்கும் அதில் உண்டு. உரோமானியர் தகடு கொடுத்து வீரனைக் கட்டிப்போட்டனர். கும்பினியார் குடும்பத்தாலும் சம்பளத்தாலும் கட்டிப்போட்டனர்.

சம்பளம் என்னும் சொல் சம்பா நெல்லும் அளமாகிய உப்பும் கூலியாகத் தந்த வழக்கத்திலிருந்து வந்தது என்பர். ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் சொல்லும் உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பிறந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம் நாட்டு அறம். ஆனால் உப்பிட்டவர் இருவராக இருந்து, அவ்விருவரும் தமக்குள் உடன்பட்டு, உண்டவனைக் கைவிட்டால் அவன் என் செய்வான்? யூசுப்கானின் துயரம் இதுதான்.

சிப்பாயாக

இன்றைய இராமநாதபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த பனையூரில் 1725-ஆம் ஆண்டை ஒட்டி, வேளாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர் என்றும், பிள்ளைப் பருவத்துப் பெயர் மருதநாயகம் என்றும் வழிவழிச் செய்தி கூறுகிறது. இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேறி இசுலாம் தழுவி, முகமது யூசுப்கான் ஆனார். புதுச்சேரியில் ஐரோப்பியர் வீட்டில் வேலை, தஞ்சையில் சிப்பாய்ப் பணி, நெல்லூரில் படிப்படியாகத் தண்டல்காரர், ஹவில்தார், சுபேதார் என்று அவரது இளமை ஊர் ஊராகக் கழிந்தது. தமிழோடு பிரெஞ்சு, போர்த்துகீசியம், ஆங்கிலம், உருது முதலிய மொழிகளிலும் பேசக் கற்றுக்கொண்டார் என்பர். ஓர் ஊர்ப்புறத்து இளைஞன் தன் முயற்சியால் பன்மொழி அறிந்தவனானது வியப்புக்குரியதே.

ஆர்க்காட்டு நவாபு பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதிய காலம் அது. பிரெஞ்சுக்காரர் ஒருவரையும் ஆங்கிலேயர் மற்றவரையும் தாங்கி நின்றனர். இராபர்ட் கிளைவின் படையில் 1752-ஐ ஒட்டி யூசுப்கான் தம் சிப்பாய்களோடு சேர்ந்தார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸின் கண்ணில் பட்டார். அந்த நெடிய முற்றுகையில் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு உணவு கொண்டுவந்து சேர்ப்பதே வாழ்வா சாவா என்னும் சிக்கலாக இருந்தது. பகைவர் கண்ணில் மண்ணைத் தூவி அரிசி மூட்டைகளைப் பத்திரமாகக் கொண்டு வருவதில் யூசுப்கானுக்கு இணை எவருமில்லை. நாட்டின் வழிகளையெல்லாம் அறிந்தவர். இரவென்றும் பகலென்றும் பாராதவர். வைத்த இடத்தில் நிற்பவர்.

உயர்ந்தவனைக் கண்டால் பொறாமையும் உடன் பிறந்துவிடுகிறது. லாரன்ஸிடம் துபாஷியாக இருந்த பொன்னியப்பன் என்பவன், யூசுப்கான் மைசூராரோடு சேர்ந்து கோட்டையைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்பதற்குச் சான்றாகப் பொய்க்கடிதம் ஒன்றைப் புனைந்து, அது வழியில் அகப்படும்படி செய்தான். விசாரணை நடந்தது. கடிதம் பொய் என்பதும், அதை எழுதுவித்தவன் எவன் என்பதும் வெளிப்பட்டன. பொன்னியப்பன் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டான். 1754-ஆம் ஆண்டு கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் யூசுப்கான் தலைவராக்கப்பட்டார். பொற்பதக்கமும் வழங்கப் பெற்றார். தளபதியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லான கமாண்டன்ட் என்பதைத்தான் நம் மக்கள் தங்கள் நாவுக்கேற்பக் கம்மந்தான் என்று ஆக்கிக்கொண்டனர்.

துரோகி என்னும் பழி அன்று பொய்யென்று தள்ளப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து அதே பழி திரும்பி வந்தபோது கேட்பதற்கு விசாரணை மன்றம் இருக்கவில்லை.

பரங்கிமலைப் போர்

1758-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும்படையோடு வந்து சென்னையை முற்றுகையிட்டார். ஆளுநர் ஜார்ஜ் பிகட்டும் லாரன்ஸும் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் அடைபட்டனர். அப்போது கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த நவாபு முகமது அலி, தம் மனைவி மக்களோடு கப்பலேறி நாகப்பட்டினம் சென்று உயிர் தப்பினார். அவருக்குக் கடல்வழி திறந்திருந்தது. தரைவழியில் நின்று பகைவனை எதிர்க்க வேண்டியவர்கள் சிப்பாய்கள்.

தெற்கேயிருந்து அழைக்கப்பட்ட யூசுப்கான் செங்கற்பட்டிலிருந்த கேப்டன் அக்கில்லிஸ் பிரெஸ்டனோடு சேர்ந்துகொண்டார். செங்கற்பட்டிலிருந்து வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் வழியே பரங்கிமலைக்கு வரும் பெருவழிதான் அவர்களுடைய களம். இன்று பேருந்தும் லாரியும் நெருக்கியடித்துச் செல்லும் அந்த நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் அன்று ஏரிகளும், வயல்களும், பனங்காடுகளும் இருந்தன. பிரெஞ்சுப் படைக்கு வரும் உணவுப் பொருள்களை வழிமறிப்பது, திடீரெனத் தாக்குவது, எதிரி திரண்டு வந்தால் மறைந்துவிடுவது, மறுநாள் வேறோரிடத்தில் தலைகாட்டுவது என்று இருவரும் லாலியைத் தூங்கவிடாமல் செய்தனர். ஓட்ட ஓட்ட மீண்டும் மீண்டும் வந்து மொய்க்கும் ஈக்களைப் போல இவர்கள் தம்மை வாட்டியதாக லாலியே பின்னர்க் குறைப்பட்டுக்கொண்டார்.

இந்தத் தொல்லையை ஒழித்தாலன்றிக் கோட்டையைப் பிடிக்க இயலாது என்று பிரெஞ்சுப் படையின் ஒரு பெரும்பகுதி பரங்கிமலையை நோக்கி வந்தது. தஞ்சையிலிருந்து வந்து சேர்ந்திருந்த மேஜர் காலியாடு தலைமை ஏற்றார். 1759 பிப்ரவரி 9-ஆம் நாள் காலையிலிருந்து மாலை வரை மலையடிவாரத்துத் தோட்ட வீடுகளிடையே கடும் போர் நிகழ்ந்தது. கும்பினியின் பக்கம் இருந்த நாட்டுக் குதிரைப்படை சிதறி ஓடிவிட்டது. சிப்பாய்களும் சிறு எண்ணிக்கையினரான ஐரோப்பிய வீரர்களும் நிலைபெயராது நின்றனர். கைவசமிருந்த மருந்தும் குண்டும் ஏறத்தாழத் தீர்ந்துவிட்ட வேளையில், அதை அறியாத பிரெஞ்சுப் படை பின்வாங்கிச் சென்றது. ஒரு வாரத்தில் ஆங்கிலக் கப்பல்கள் சென்னைக் கடலில் தோன்றின. பிப்ரவரி 17-ஆம் நாள் லாலி முற்றுகையைக் கைவிட்டார்.

இந்த வெற்றியின் புகழ் பெரும்பாலும் ஐரோப்பியத் தளபதிகளுக்கே சென்றது. ஆயினும் வெளியே நின்று முற்றுகையாளரை முற்றுகையிட்ட சிப்பாய்கள் இல்லாவிடில் சென்னைக் கோட்டை தாக்குப்பிடித்திருக்குமா என்பது ஐயமே. சென்னைச் சிப்பாய்கள் முறையான பட்டாளங்களாக அமைக்கப்பட்டதும் 1758-ஐ ஒட்டித்தான். இன்றைய மதராஸ் ரெஜிமெண்ட் தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது.

மதுரையில் ஒரு குடும்பம்

போர் முடிந்ததும் 1759-ஆம் ஆண்டிலேயே மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு ஏற்று நிருவகிக்க யூசுப்கான் அனுப்பப்பட்டார். ஆண்டுக்கணக்காகக் கூடாரத்தில் வாழ்ந்தவர் முதன்முறையாக ஓரிடத்தில் நிலைத்தார். அப்போதுதான் அவருக்கு இல்லறமும் வாய்த்தது. அவர் மணந்த மாசா என்னும் பெண்மணி போர்த்துகீசியக் கலப்பு வழியில் வந்த பரங்கிப் பெண் என்று கூறுவர். பரங்கிமலைக்குப் பெயர் தந்த அந்தப் பரங்கியர் மரபிலே வந்த ஒரு பெண், மதுரையில் கம்மந்தானின் இல்லத்தரசியானார். பிறப்பால் வேளாளர், சமயத்தால் முசுலிம், பணியால் ஆங்கிலேயரின் தளபதி, மணத்தால் பரங்கியரின் உறவினர்! சாதி சமய வேலிகள் உயர்ந்து நின்ற அந்தக் காலத்தில் இத்தகைய ஓர் இல்லம் அமைந்ததை நினைக்கும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

யூசுப்கானின் ஆட்சியில் இரண்டு முகங்களைக் காண்கிறோம். ஒரு முகம் கொடியது. பாளையக்காரர்களையும் கள்ளர் நாட்டாரையும் அவர் இரக்கமின்றி அடக்கினார். அன்னியர்க்கு வரி கொடுக்க மறுத்த நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரின் கோட்டைகளை 1761-இல் வீழ்த்தியவர் இதே யூசுப்கான்தான். விடுதலை வரலாற்றை எழுதும்போது இந்த உண்மையை நாம் மறைத்துவிடலாகாது. மற்றொரு முகம் கனிவுடையது. வழிப்பறி ஒழிந்தது, உழவரும் நெசவாளரும் அச்சமின்றித் தொழில் செய்தனர், ஏரி குளங்கள் செப்பனிடப்பட்டன. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பறிபோயிருந்த வருவாயை மீட்டுக் கொடுத்து வழிபாடு முறையாக நடக்கச் செய்தார். மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும், வத்திராயிருப்புக்கு அருகே கான்சாபுரம் என்னும் ஊரும் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கொடுங்கோலன் ஒருவனின் பெயரை மக்கள் இரண்டரை நூற்றாண்டு தூக்கிச் சுமப்பரோ?

உப்பிட்டவர் இருவர்

யூசுப்கானின் வளர்ச்சி நவாபு முகமது அலியின் உறக்கத்தைக் கெடுத்தது. மதுரைச் சீமை தம்முடையது, யூசுப்கான் தம்முடைய பணியாள், ஆகவே வரிப்பணம் தம் கையில் வர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கும்பினியோ நவாபின் பெயரால் நாட்டை ஆள்வதையே தன் வழியாகக் கொண்டிருந்தது. ஆகவே அது நவாபின் பக்கம் சாய்ந்தது. நவாபின் கீழ் நிற்பதற்குத் தாம் இத்தனை போர்களில் குருதி சிந்தவில்லை என்பது யூசுப்கானின் மனக்குறை. அவரைச் சென்னைக்கு வரும்படி அழைத்தனர். வழியில் நவாபின் கையில் சிக்கினால் உயிர் போகும் என்பதை அறிந்த அவர் வர மறுத்தார். மறுத்தது கலகம் எனக் கொள்ளப்பட்டது. 1763-இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மார்ச்சந்து என்னும் பிரெஞ்சுக்காரரும் ஒரு சிறு படையோடு வந்து சேர்ந்தார்.

ஆனால் காலம் யூசுப்கானுக்குப் பகையாகிவிட்டது. அதே 1763-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிசு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டனர். முகமது அலியே கர்நாடக நவாபு என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. கடலுக்கப்பால் இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட தாளொன்று, மதுரைக் கோட்டைக்குள் இருந்த ஒரு மனிதனின் கடைசிக் கதவையும் அடைத்துவிட்டது.

1763-ஆம் ஆண்டின் முற்றுகை மழையாலும் யூசுப்கானின் திறமையாலும் தோற்றது. 1764-இல் மேஜர் சார்லஸ் காம்பெல் தலைமையில் படை மீண்டும் வந்தது. ஜூன் 26-ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலையும் கோட்டை வீரர்கள் முறியடித்தனர். அந்தத் தாக்குதலில் படுகாயமுற்று மாண்டவர் யார் தெரியுமா? செங்கற்பட்டிலும் பரங்கிமலையிலும் யூசுப்கானோடு தோளுக்குத் தோள் நின்ற அதே பிரெஸ்டன்தான். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரே பாசறையில் இருந்த இருவரில் ஒருவர் மதிலுக்கு வெளியே. மற்றவர் மதிலுக்கு உள்ளே. இதுதான் கூலிப்போரின் கொடுமை.

வாளால் இயலாததைப் பசி செய்தது. கோட்டையைச் சுற்றிலும் அடைத்து உணவு புகாதபடி செய்தனர். திருச்சிக் கோட்டைக்குள் அரிசி கொண்டுவந்து பெயரெடுத்தவரின் கோட்டைக்குள் அரிசியில்லை! உள்ளேயிருந்த சிப்பாய்கள் குடும்பத்தோடு இருந்தவர்கள். தான் பட்டினி கிடக்கலாம். பிள்ளை அழுவதை எவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருப்பது? வீரர்களின் உறுதி தளர்ந்தது. கோட்டைத் தலைவருக்கும் மனைவியும் இரண்டு மூன்று வயது மதலையும் உள்ளேதான் இருந்தனர். சரணடைவது பற்றிய பேச்சுகளும் எழுந்தன. நவாபின் கையில் ஒப்படைக்கப்படுவதற்கு மட்டும் அவர் இசையவில்லை. நாளுக்கு நாள் அவர் கடுமையும் சினமும் மிகுந்தவரானார். ஆலோசனையின்போது மார்ச்சந்தைக் கைநீட்டி அடித்துவிட்டார் என்றும், அந்த அவமானமே சதிக்கு வித்தாயிற்று என்றும் சொல்வதுண்டு.

1764 அக்டோபர் 13-ஆம் நாள் அவர் தொழுகையில் இருந்தார். திவான் சீனிவாசராவும், மருத்துவர் பாபா சாகிபும், மார்ச்சந்தும் கூடிச் செய்த சதியின்படி சிலர் அவர்மீது பாய்ந்து அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டினர். செய்தி கேட்ட மாசா அம்மையார் உண்மையான சிப்பாய்கள் சிலரைத் திரட்டிக் கணவரை மீட்க முயன்றார் என்றும், சதிகாரர்கள் அதைத் தடுத்துவிட்டனர் என்றும் வழிவழிச் செய்தி உண்டு. மறுநாள் கோட்டையோடு அவரும் ஒப்படைக்கப்பட்டார். அக்டோபர் 15-ஆம் நாள் மாலை மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் நவாபின் ஆணைப்படி தூக்கிலிடப்பட்டார். கயிறு அறுந்து அறுந்து விழுந்தது என்றும், இறந்த பின்னும் அஞ்சி உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினர் என்றும் மக்கள் கதை சொல்லுகிறது. உடல் அடக்கமான இடத்தில் 1808-இல் எழுப்பப்பட்ட சிறு பள்ளிவாசல் இன்றும் உள்ளது.

எஞ்சியவர்கள்

வெற்றி பெற்றவர்களின் கதை என்னாயிற்று? மதுரை வரிப்பணத்துக்காக யூசுப்கானைத் தூக்கிலிட்ட நவாபு முகமது அலி, கும்பினி அலுவலர்களிடமே கடன்மேல் கடன் வாங்கி இறுதிவரை மீளாமல் 1795-இல் மறைந்தார். பிரெஞ்சுத் தளபதி லாலி தாய்நாட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு 1766-இல் பாரிசில் தலை வெட்டுண்டார். ஆளுநர் பிகட் மீண்டும் சென்னைக்கு ஆளுநராக வந்தபோது, தஞ்சை அரசரின் நாட்டை அவருக்கே திருப்பிக் கொடுத்ததால் எழுந்த பூசலில், சொந்த ஆலோசனைச் சபையினராலேயே 1776-இல் கைது செய்யப்பட்டார். அவரைக் காவலில் வைத்த இடம் எது? பரங்கிமலை! யூசுப்கானின் சிப்பாய்கள் எந்த மலையடியில் நின்று அவருடைய கோட்டையைக் காத்தார்களோ, அங்கேயே அவர் சிறையிருந்தார். காவல் நீங்காமலே 1777-இல் உயிர் நீத்தார். பரங்கிமலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்கிறது.

ஆனால் மாசா அம்மையாரும் அந்தச் சிறுவனும் என்னானார்கள்? பெரிய மனிதர்களின் முடிவுகளை நாள் கிழமையோடு குறித்து வைத்த ஏடுகளில் அவர்களுக்கு இடமில்லை. அன்னை சில காலத்தில் இறந்தார் என்பது ஒரு செய்தி. சீனிவாசராவே மனம் நொந்து ஆழ்வார்திருநகரியில் அந்தப் பிள்ளையை வளர்த்தார் என்பது மற்றொரு செய்தி. உரோமப் பேரரசின் சட்டம் வீரனின் மனைவியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது போலவே, கும்பினியின் கணக்கும் கலகக்காரனின் மனைவியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் விண்டோலண்டா என்னும் உரோமப் பாசறை மண்ணுக்குள்ளிருந்து, அதிகாரியின் மனைவி ஒருத்தி தன் பிறந்தநாள் விழாவுக்குத் தோழியை அழைத்து மெல்லிய மரத்தகட்டில் எழுதிய மடல் கிடைத்திருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளாக அந்தப் பெண்ணின் குரல் அழியாமல் இருந்திருக்கிறது. நம் மதுரை மாசா அம்மையாரிடமிருந்து அப்படி ஒரு துண்டு ஓலைகூட நமக்கு வந்து சேரவில்லையே என்று நெஞ்சு ஏங்குகிறது.

எனினும் மக்கள் மறக்கவில்லை. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடல் ஊர் ஊராக வழங்கிப் பின்னர்ப் பேராசிரியர் நா. வானமாமலை அவர்களால் பதிப்பிக்கப் பெற்றது. ஆங்கிலேயரான எஸ். சி. ஹில் 1914-இல் யூசுப்கானுக்கென்றே ஒரு தனிநூல் எழுதினார். அவரைக் கலகக்காரத் தளபதி என்றே அந்நூல் தலைப்பிலே குறிக்கிறது.

யூசுப்கான் விடுதலை வீரரா, பதவி ஆசை கொண்ட கூலிப்படைத் தலைவரா என்று பட்டிமன்றம் வைக்கலாம். இரண்டு பக்கமும் பேசுவதற்குச் செய்தி உண்டு. அன்னியர்க்காகப் பூலித்தேவரை வென்றவர், பின்னர் அதே அன்னியரை எதிர்த்தபோது அவருக்குத் துணை நிற்கப் பூலித்தேவர் இல்லை. தம் நாட்டாரை ஒவ்வொருவராக வீழ்த்திக் கொடுத்தவன் முடிவில் தனித்தே நிற்க வேண்டியிருக்கும் என்பது அவர் வாழ்வு நமக்குத் தரும் முதற் பாடம். உழைப்பை வாங்கிக்கொள்பவர் எல்லாரும் உரிமையைத் தந்துவிட மாட்டார் என்பது இரண்டாம் பாடம்.

இன்று பரங்கிமலையில் இந்தியப் படையின் அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கிறது. ஆடவரும் மகளிரும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். பயிற்சி முடியும் நாளில் அவர்களுடைய தாய் தந்தையரே வந்து பிள்ளைகளின் தோளில் நட்சத்திரங்களை அணிவிக்கின்றனர். அன்று கும்பினி தன் வசதிக்காகச் சிப்பாயின் குடும்பத்தைப் பாசறைக்குப் பின்னே நடக்க வைத்தது. இன்று குடும்பம் அணிவகுப்புத் திடலின் நடுவே வந்து நிற்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்கு இடையே எத்தனை வீரர்களின், எத்தனை மனைவியரின் கண்ணீர் ஓடியிருக்கிறது!

அடுத்த முறை ரயில் பரங்கிமலையில் நிற்கும்போது, நண்பர்களே, ஒரு கணம் தலை நிமிர்ந்து அந்தக் குன்றைப் பாருங்கள். பொற்பதக்கம் பூண்டு அங்கே நின்ற ஒரு கம்மந்தானை நினையுங்கள். அவரோடு, பெயரளவில் மட்டுமே நமக்குத் தெரிந்த அந்த மாசா அம்மையாரையும், பெயர்கூடத் தெரியாத அந்தச் சிறுவனையும் சேர்த்தே நினையுங்கள்.